கொம்பியூட்டர் அறைக்குப் பூட்டு, லக்கி பொக்ஸுக்குத் திறந்த வீடு



அலவத்துகொட, அக்குறணைப் பக்கத்து வாப்பாமார், உம்மாமார், நானாமார், ராத்தாமார் எல்லோருக்கும் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். முழுக்க வாசித்துவிட்டு ஏசினால் ஏற்றுக்கொள்கிறோம். பாதியில் நிறுத்திவிட்டு ஏச வேண்டாம்.

விஷயம் எல்லோருக்கும் தெரியும். பாடசாலை விட்ட பிறகு கிழமையில் இரண்டு நாள், அஸர் வரைக்கும் கொம்பியூட்டர் அறையைத் திறந்து வைத்திருந்தோம். அங்குள்ள பழைய மெஷின்களில் பிள்ளைகள் ஒரு விண்கல விளையாட்டு விளையாடினார்கள். அதைக் கண்ட ஒரு வாப்பா வட்ஸ்அப்பில் குரல் பதிவு போட்டார். "சேர்மாரே பிள்ளைகளுக்குச் சுடப் பழக்குறாங்க" என்றார். அன்று இரவே அது ஊர் முழுக்கச் சுற்றியது. பெற்றோர் கூட்டத்தில் அந்த அறையைப் பின்னேரத்தில் பூட்டிவிட வேண்டும் என்று கேட்டார்கள். அடுத்த கூட்டத்தில் முடிவு. அதற்கு முன் எங்கள் பக்கத்தையும் கேளுங்கள்.

அந்தக் கூட்டத்தில் நாங்கள் கண்ட ஒரு காட்சியை முதலில் சொல்கிறோம். முன்னால் ஒருவர் எழும்பி, கேம் எல்லாம் ஷைத்தானின் வேலை என்று உரத்துப் பேசிக்கொண்டிருந்தார். பின்வரிசையில் ஒரு சின்னப் பிள்ளை, சத்தம் போடாமல் இருக்கட்டும் என்று கையில் கொடுத்த போனில் கேம் விளையாடிக்கொண்டிருந்தது. திரையில் ஒரு பெட்டி திறந்தது. வெளிச்சம் அடித்தது, மணிச் சத்தம் கேட்டது. உள்ளே நல்ல சாமான் இல்லை. பிள்ளை அடுத்த பெட்டியைத் தட்டியது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

எங்கள் வழக்கு முழுவதும் அந்தப் பின்வரிசையில் இருக்கிறது.

முதலில், நாம் பூட்டப் போகும் அந்த விளையாட்டு எது என்று தெரிந்துகொள்வோம். பெயர் டிசென்ட். 1995 இல் வந்தது. செய்தது பாரலக்ஸ் சொப்ட்வெயார் என்ற அமெரிக்க நிறுவனம். அதைத் தொடங்கியவர்கள் மைக் குலாஸ், மெட் டொஷ்லொக் என்ற இரண்டு பேர். கதை சின்னது. சந்திரனிலும் மற்றக் கோள்களிலும் உள்ள சுரங்கங்களில் வேலை செய்யும் ரோபோக்களுக்கு ஒரு வைரஸ் பிடித்துவிடுகிறது. விளையாடுபவர் ஒரு சின்ன விண்கலத்தின் ஓட்டுநர். விமானி ஆசனத்தில் இருந்து பார்ப்பது போலத்தான் திரை தெரியும். சுரங்கத்துக்குள் இறங்க வேண்டும், ரோபோக்களைச் சுட வேண்டும், சிறைப்பட்டிருக்கும் மனிதர்களை ஏற்றிக்கொள்ள வேண்டும், நடுவில் உள்ள அணு உலையை அழிக்க வேண்டும். அழித்த உடனே கடிகாரம் எண்ணத் தொடங்கும். சுரங்கம் வெடிப்பதற்குள் வெளியே போகும் கதவைக் கண்டுபிடித்துத் தப்ப வேண்டும்.

ஆம், சுடுதல் உண்டு. மறைக்கவில்லை. சுடப்படுவது இரும்பு. காப்பாற்றப்படுவது மனிதர்.

எங்களில் முப்பது தாண்டியவர்களுக்கு இது புதிதல்ல. மாத்தளை வீதியில் கொம்பியூட்டர் வகுப்புகள் முளைத்த காலத்தில், வகுப்பு முடிந்து கிடைக்கும் கால் மணித்தியாலத்தில் இதை விளையாடியவர்கள் நாங்கள். முதல் நாளே தலை சுற்றும். இன்றும் சில பிள்ளைகளுக்குச் சுற்றுகிறது. அவர்களை எழுப்பி வெளிக்காற்றுக்கு அனுப்பிவிடுவோம். ஏன் சுற்றுகிறது என்பதில்தான் இந்த விளையாட்டின் பெறுமதி இருக்கிறது.

1993 இல் வந்த டூம் போன்ற விளையாட்டுகளில் ஆள் தரையில் நடப்பான். அவனால் மேலே நிமிர்ந்து பார்க்கவோ கீழே குனிந்து பார்க்கவோ முடியாது. ஒரு அறைக்கு நேர் மேலே இன்னொரு அறை வைக்கவும் முடியாது. டிசென்டில் தரை என்று ஒன்று இல்லை. முன் பின், இடம் வலம், மேல் கீழ் என்று மூன்று வகையில் நகரலாம். மூக்கைத் தூக்கி இறக்கலாம், பக்கவாட்டில் திருப்பலாம், பம்பரம் போல் உருளலாம். மூன்று பெயர்ச்சி, மூன்று சுழற்சி, மொத்தம் ஆறு. இந்த ஆறையும் முழு முப்பரிமாணத்தில் ஒன்றாகக் கொடுத்த முதல் சுடும் விளையாட்டுகளில் ஒன்று இது. இரண்டு தரம் உருண்டால் கூரை எது, நிலம் எது என்று மறந்து போகும். சுரங்க வரைபடமும் வெறும் கோடுகளால் ஆன முப்பரிமாண உரு. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் வழியைப் பிடிக்க வேண்டும்.

கணிதம் படிப்பிக்கும் எங்களுக்கு இதில் ஒரு சுயநலமும் உண்டு. திண்மங்கள் பாடத்தில் கரும்பலகையில் ஒரு சதுரமுகியைக் கீறி, பின்னால் மறைந்திருக்கும் விளிம்பைப் புள்ளிக்கோட்டால் காட்டினால், பாதி வகுப்புக்கு அது தட்டையான படமாகவே தெரியும். டிசென்டின் சுரங்கம் முழுவதும் ஆறு முகம் கொண்ட பெட்டிகளால் ஆனது. ஒன்றின் முகத்தோடு இன்னொன்றின் முகத்தை ஒட்டி, சிலதை இழுத்து வளைத்துச் சுரங்கம் ஆக்கியிருக்கிறார்கள். எந்த முகம் திறந்திருக்கிறதோ அதன் வழியாகத் தெரிவதை மட்டும் கணினி வரைந்தால் போதும். அந்தக் காலத்துச் சக்தி குறைந்த மெஷின்களிலும் அது ஓடியதற்கு இந்த யோசனை பெரிய காரணம். ஒரு பின்னேரம் அதற்குள் ஓடித் திரிந்த பிள்ளைக்கு அடுத்த நாள் "இந்தப் பெட்டிக்கு எத்தனை முகம்?" என்று கேட்டால் கொப்பியைப் பார்க்கத் தேவையில்லை. தெரிந்ததில் இருந்து தெரியாததற்குப் போ என்று ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித் தந்தது இதைத்தான்.

திசை அறிவது சின்ன விஷயம் என்று நினைக்கக் கூடாது. தூரத்து ஊரில் இருந்து கிப்லாவின் திசையைக் கணக்கிட, கோளத்தின் மேல் கோணங்களைக் கையாளும் கணிதத்தோடு மல்லுக்கட்டியவர் அல்-பிரூனி. அவர் பெயரை மேடையில் சொல்லிப் பெருமைப்படுகிறோம். அவர் செய்த வேலைக்குத் தேவையான கண்ணைப் பிள்ளைக்குக் கொடுக்கும் அறையைப் பூட்டுகிறோம்.

இப்போது பின்வரிசைக்கு வருவோம்.

2020 இல் கொரோனாவுக்குப் பாடசாலைகளைப் பூட்டியபோது போன் வீட்டுக்குள் பாடப் புத்தகமாக வந்தது. கடன் பட்டும் வாங்கிக் கொடுத்தீர்கள். குறை சொல்லவில்லை, நாங்களும் சூமில் வரச் சொன்னவர்கள்தான். பாடசாலை திறந்தது. போன் திரும்பிப் போகவில்லை. இன்று அதில் ஓடும் பல கேம்கள் இலவசம். இலவசம் என்பதால் வாப்பாவும் கேட்பதில்லை. ஆனால் உள்ளே போனால் டயமண்ட், கொயின், உடுப்பு, துவக்குக்குப் பெயின்ட். அதையும் நேராக விற்க மாட்டார்கள். ஒரு பெட்டியை விற்பார்கள். உள்ளே என்ன வரும் என்று தெரியாது. நல்லது வந்தால் அதிர்ஷ்டம், வராவிட்டால் இன்னொரு பெட்டி.

காசு கொடுத்து, கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாத ஒன்றுக்குக் காத்திருப்பதற்கு நம் மார்க்கத்தில் என்ன பெயர்? ஸூரா அல்-மாஇதாவின் 90 ஆம் வசனம் மதுவோடு சேர்த்து எதைத் தடுத்தது என்று மத்ரஸாப் பிள்ளையும் சொல்லும். பத்வா கொடுப்பது உலமாக்களின் பொறுப்பு, எங்கள் வேலை அல்ல. நாங்கள் கேட்பது ஒன்றுதான். ரோபோவைச் சுடும் விளையாட்டைப் பற்றி இவ்வளவு சத்தம் போடும் நாம், இந்தப் பெட்டியைப் பற்றி உலமாக்களிடம் ஒரு தடவையாவது கேட்டோமா? பெல்ஜியம் முஸ்லிம் நாடு அல்ல. அங்கே சூதாட்டங்களைக் கண்காணிக்கும் ஆணைக்குழு 2018 இல் பிரபலமான சில கேம்களை ஆராய்ந்து, காசு கொடுத்துத் திறக்கும் இந்தப் பெட்டிகள் தங்கள் சட்டப்படி சூதாட்டம் என்று சொல்லிவிட்டது. அவர்களுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாமல் போய்விட்டது.

இரண்டாவது வேறுபாடு, முடிவு. டிசென்டில் 27 லெவல். சந்திரனில் தொடங்கிப் புளூட்டோ பக்கம் போய் முடியும். முடிந்தால் முடிந்ததுதான். போன் கேமுக்கு முடிவே கிடையாது. இன்றைக்கு வந்தால் பரிசு, நாளைக்கு வராவிட்டால் நட்டம் என்று பிள்ளையைக் கட்டி வைத்திருக்கும். விளையாட்டு வாழ்க்கையை விழுங்கும் நிலையை உலக சுகாதார அமைப்பு தனது நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அந்தப் பட்டியல் 2022 இல் நடைமுறைக்கு வந்தது. இதை நாங்கள் லேசாக எடுக்கவில்லை.

மூன்றாவது, பாங்கு. எங்கள் அறையில் பாங்கு கேட்டால் ஒரு விசையைத் தட்டினால் விண்கலம் அப்படியே நிற்கும். விட்ட இடத்தைச் சேமித்து வைத்துவிட்டுத் தொழப் போகலாம். ஒன்லைனில் பலரோடு விளையாடும் போன் கேமை நிறுத்த முடியாது. நீ எழும்பினால் உன் கூட்டாளிகள் தோற்பார்கள். பிள்ளை பாங்கைக் கேட்டும் கேளாதது போல் இருப்பதற்கு ஈமான் குறைவு மட்டும் காரணமல்ல. எழும்ப முடியாதபடி அதைச் செய்து வைத்திருக்கிறார்கள்.

நான்காவது, காசு. எங்கள் மெஷினில் இருப்பது முதல் ஏழு லெவல்கள் மட்டும் உள்ள இலவசப் பிரதி. அதைச் செய்தவர்களே பரப்புவதற்கு விட்டது. பிடித்தால் மீதியை ஒரு தடவை காசு கொடுத்து வாங்கலாம், அதற்குப் பிறகு ஒரு சதமும் கேட்காது. உண்மையைச் சொன்னால், சின்ன வயதில் நாங்கள் விளையாடியது கள்ளக் கொப்பி. அது பிழை. பிள்ளைகளுக்கு அந்தப் பிழையைப் பழக்காமல் இருக்கத்தான் ஏழோடு நிறுத்தியிருக்கிறோம்.

ஐந்தாவது, திறந்து பார்க்கலாம். டிசென்டின் மூல நிரலை 1990களின் இறுதியிலேயே வெளியிட்டுவிட்டார்கள். மூன்றாம் பாகத்தின் நிரலும் 2024 இல் வெளியானது. "அந்தக் கதவு சாவி இருந்தா மட்டும் எப்படி சேர் திறக்குது?" என்று கேட்ட பிள்ளைக்கு, சாவி இருக்கிறதா என்று பார்க்கும் கட்டளை எப்படி இருக்கும் என்று எழுதிக் காட்டினோம். ஐ.சி.டி. புத்தகத்தில் நித்திரை வர வைத்த பாடம் அன்று அவனுக்குப் புரிந்தது. போன் கேமைத் திறந்து பார்க்க வழியில்லை. அதற்குப் பிள்ளை வெறும் வாடிக்கையாளன்.

"கேம் இல்லாமலே படிப்பிக்க முடியாதா?" என்று கேட்கிறீர்கள். முடியும். மைதானத்தில் ஓடவிட்டால் இதைவிட நல்லது. ஆனால் நம் மலைப்பக்கத்தில் சமதரை எவ்வளவு இருக்கிறது? இருந்த வெற்றுக் காணிகளில் கடையும் வீடும் கட்டினோம். வீதியில் பந்தடித்தால் ஏசுகிறோம். மழை தொடங்கினால் அதுவும் இல்லை. அறையைப் பூட்டினால் பிள்ளை குர்ஆனைத் திறப்பான் என்று நினைப்பது நம் ஆசை. அவன் திறக்கப் போவது போனை. கதவைச் சாத்திய அறையில், தனியாக, நாங்களும் நீங்களும் பார்க்காத இடத்தில்.

அந்தக் குரல் பதிவு போட்ட வாப்பா மீது எங்களுக்குக் கோபம் இல்லை. தன் பிள்ளையைப் பற்றிக் கவலைப்பட்டார். கவலைப்படாத வாப்பாவை விட அவர் மேல். அவர் கை நீட்டிய திசைதான் பிழை.

ஆகவே மூன்று வேண்டுகோள்.

ஒன்று, அடுத்த கூட்டத்துக்கு முன் ஒரு பின்னேரம் வந்து அறையில் உட்காருங்கள். நீங்களே ஓட்டிப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் வழி தவறுவீர்கள். உங்கள் பிள்ளை உங்களுக்கு வழி சொல்வான். அவன் எப்படிச் சொல்கிறான் என்று கவனியுங்கள்.

இரண்டு, இன்று இரவு வீட்டில் உள்ள போனை எடுத்து, அதில் இருக்கும் ஒவ்வொரு கேமையும் மூன்று கேள்வி கேளுங்கள். இதற்கு முடிவு இருக்கிறதா? பாங்கு சொன்னால் நிறுத்த முடியுமா? உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் காசு கேட்கிறதா? எங்கள் கேமையும் இதே மூன்று கேள்வியால் சோதியுங்கள். தோற்றால் நாங்களே அழித்துவிடுகிறோம்.

மூன்று, பள்ளி நிர்வாகமும் உலமாக்களும் ஒரு ஜும்ஆவை இந்தப் பெட்டி விஷயத்துக்கு ஒதுக்கித் தாருங்கள். பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று உங்களுக்கு விளக்கிக் காட்ட நாங்கள் வருகிறோம். ஹுக்முச் சொல்வது உங்கள் பொறுப்பு.

இவ்வளவும் செய்த பிறகும் அறையைப் பூட்டத்தான் வேண்டும் என்றால், சாவியை நாங்களே கொண்டுவந்து தருகிறோம். அன்றைக்குப் பின்வரிசையில் அந்தப் பிள்ளையின் கையில் இருக்கும் போனையும் யாராவது வாங்கி வையுங்கள்.

பிழை இருந்தால் திருத்துங்கள்.