கழுவத்தானே கேட்டோம், தீயணைக்கவா?

மூக்கைப் பொத்துறவங்க இப்பவே வேற பக்கம் போயிடலாம். இன்னைக்கு மேட்டர், கக்கூஸ் சுவத்துல தொங்குற ஹெல்த் ஃபாசெட். பி.காம். படிக்கிறவன் டெபிட் கிரெடிட்டை விட்டுட்டு இதை எதுக்கு எழுதுறான்னு கேப்பீங்க. வேற யாரும் எழுத மாட்டேங்கிறாங்களே, அதான்.

எங்க மலையில புதுசா பாத்ரூம் கட்டுற எல்லாருக்கும் ஒரு மூடநம்பிக்கை இருக்கு. தண்ணி எவ்வளவு வேகமா அடிக்குதோ அவ்வளவு சுத்தமாம். பிளம்பர் லீவரை அழுத்திக் காட்டுவார், எதிர் சுவத்துல 'சர்ர்ர்'னு போய் மோதும், வீட்டுக்காரர் முகத்துல அப்படியொரு பெருமை! அய்யா, நீங்க கழுவப்போறது சுவத்தை இல்லீங்க.

கணக்கு ரொம்ப சிம்பிள். டேங்க் 10 மீட்டர் உயரத்துல இருந்தா குழாயில கிட்டத்தட்ட 1 கிலோ பிரஷர். கோயம்புத்தூர்ல மொட்டைமாடி டேங்குக்கும் கீழ்வீட்டுக் குழாய்க்கும் நடுவுல அஞ்சாறு மீட்டர் இருக்கும், அரை கிலோ சொச்சம். நம்ம ஊட்டி, குன்னூர் பக்கம்? டேங்க் மேட்டுல ரோட்டோரம், வீடு கீழே சரிவுல. 30 மீட்டர் இறக்கம்னா 3 கிலோ! இதே மாதிரி 900 மீட்டருக்கு மேல தண்ணியைக் குழாயில இறக்கித்தான் 1932-லயே பைக்காராவுல கரண்ட் எடுத்தாங்க. டர்பைனுக்கு அது சரி. மனுஷனுக்கு? இதுல பள்ளத்து வீட்டுக்காரன் தலையிலயும் பிரஷர் பம்ப்பைக் கட்டிவிடுறாங்க பாருங்க, அந்த வியாபாரத் திறமையை எங்க சிலபஸ்லயே சேர்க்கலாம்.

சிரிச்சாச்சா? இப்ப அடிவாங்குறது யாருன்னு பாருங்க. மூலம், வெடிப்பு இருக்கிறவங்க, பிரசவமாகி வந்தவங்க, சின்னப் பசங்க, வயசானவங்க. ஜனவரியில வெளியே உறைபனி, தண்ணி ஐஸ் மாதிரி. அது ஊசியா குத்துனா எப்படி இருக்கும்? எங்க பாட்டி எஸ்டேட்ல கொழுந்து பறிச்சவங்க, அட்டைக்கே பயப்படாதவங்க. ஃபாசெட்டை ஒரு தடவை அழுத்திட்டு, அடுத்த நாள்லருந்து சொம்புல வெந்நி எடுத்துட்டுப் போக ஆரம்பிச்சுட்டாங்க. வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லலை. எப்படிச் சொல்லுவாங்க? இதைப் பேசுறதே அசிங்கம்னு அவங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நாமதானே.

ஜப்பான்காரன் கூச்சப்படலை. 1980-ல வாஷ்லெட்டைக் கொண்டுவர்றதுக்கு முன்னாடி டோட்டோ கம்பெனி தன் ஊழியர்கள் முந்நூறு பேர்கிட்ட சோதிச்சுப் பார்த்துத்தான் தண்ணி எந்தக் கோணத்துல, எந்தச் சூட்டுல வரணும்னு முடிவு பண்ணுச்சு. கோணம் 43 டிகிரி, சூடு 38 டிகிரி. 2011-ல கொரியாவுல வந்த ஆய்வுலயும் ஆசனவாய்த் தசை தளர்றதுக்கு உதவுனது வெதுவெதுப்பான தண்ணி, குறைஞ்ச அல்லது நடுத்தர அழுத்தம், அகலமா விழுற தாரை. நம்ம ஆளு உயர்ந்தபட்சம்தான் வேணுங்கிறான். குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதின்னு ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணோமே, கக்கூஸ்ல மட்டும் மறந்துபோச்சா?

இத்தனைக்கும் சரிபண்ண பைசா செலவில்லை. ஹோஸ் ஆரம்பிக்கிற இடத்துல ஒரு ஆங்கிள் காக் இருக்கும். அதை முழுசா மூடுங்க. லீவரை அழுத்திப் பிடிச்சு உள்ளங்கையில காட்டிக்கிட்டே கொஞ்சம் கொஞ்சமாத் திறங்க. தண்ணி கையைத் தட்டணும், குத்தக்கூடாது. அங்கயே நிறுத்துங்க, எவ்வளவு திருகுனீங்கன்னு ஞாபகம் வச்சுக்குங்க. முடிச்சதும் ஆங்கிள் காக்கை மூடிடணும். இல்லேன்னா அத்தனை பிரஷரும் ராத்திரி பூரா ஹோஸ்ல நிக்கும். ஒருநாள் வெடிக்கும், டேங்க் காலி. குன்னூர்க்காரங்களுக்கு நான் சொல்லவே வேணாம், கோடையில ஒரு டேங்க் தண்ணியோட அருமை என்னன்னு.

வீட்டுல பெருசுங்க இருந்தா அவங்க கேக்கட்டும்னு காத்திருக்காதீங்க, சத்தியமா கேக்க மாட்டாங்க.

பி.கு: "குளிருது மாப்ள, கெய்சர் லைனை நேரா இதுல இழுத்துவிட்டா என்ன?"ன்னு கிளாஸ்ல ஒருத்தன் கேட்டான். டேய், பச்சைத் தண்ணி கலக்காம இழுத்தா வெந்துரும்டா. மிக்ஸர் போடு. அதுவரைக்கும் பாட்டியோட சொம்பு போதும் :-)