பல்லுல வெள்ளை தேடுறோம், சரி, வாய்க்குள்ள பார்த்தோமா?

போன கல்யாண வீட்டுல எடுத்த குரூப் போட்டோவை ஒருக்கா எடுத்துப் பாருங்க. பாதிப் பேர் வாயை மூடிக்கிட்டுத்தான் சிரிச்சிருப்போம். "பல்லு மஞ்சள்" என்கிற கூச்சம் அவ்வளவு ஆழமாக நமக்குள்ள இருக்கு. கொழும்புக்குக் கடை வேலைக்கோ ஹோட்டல் வேலைக்கோ இன்டர்வியூ போகிறவர்களுக்கு அந்தக் கூச்சம் இன்னும் கூடிப்போகும். அதைத் தெரிஞ்சுதான் 'ஏழே நாளில் முத்துப் பல்' என்கிற விளம்பரம் ஹாலிஎலயில் இருக்கிற நம்ம ஃபோனுக்கும் வந்து சேருது.

பல்லு வெள்ளையாக இருக்கணும்னு ஆசைப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் காசைக் கட்டுவதற்கு முன்னாடி, அந்த நிறம் எங்கே இருந்து வருதுன்னு தெரிஞ்சுக்கணும் என்பதுதான் எங்கள் கருத்து.

முதலாவது, பல்லு கடதாசி மாதிரி வெள்ளை இல்லை. மேலே இருக்கிற எனாமல் கொஞ்சம் ஒளி ஊடுருவக்கூடியது. அதுக்குக் கீழே இருக்கிற டென்டின் இயல்பாகவே மஞ்சள். வயது போகப்போக எனாமல் தேயும், மஞ்சள் கூடுதலாகத் தெரியும். அது அழுக்கு இல்லை.

கறையில் இரண்டு வகை. பிளேன்டீ, வெற்றிலை, சிகரெட் இவையெல்லாம் பல்லின் மேலே படியும். சின்ன வயதில் எடுத்த டெட்ராசைக்ளின் மருந்து, விழுந்து அடிபட்ட பல், தண்ணீரில் கூடுதலாக இருக்கிற ஃபுளோரைட் இவை பல்லுக்குள்ளேயே நிறத்தை மாத்தும். நம்ம ஊவாவிலேயே மொனராகலைப் பக்கம் சில கிணறுகளில் ஃபுளோரைட் அதிகம். அங்கே வளர்ந்த பிள்ளைகளுடைய பல்லில் இருக்கிற பழுப்புத் திட்டு தேய்ச்சாலும் போகாது. "பல்லே விளக்க மாட்டானா?" என்று அவர்களைக் கிண்டல் பண்ணுறதை முதலில் நிறுத்தணும்.

மேலே படிஞ்ச கறைக்கு வெளுக்கிற மருந்தே தேவையில்லை. பல் வைத்தியர் காரையை எடுத்துச் சுத்தம் பண்ணினாலே பெரும்பகுதி போயிடும். அரசாங்க ஆஸ்பத்திரியின் பல் பிரிவில் இதுக்குக் காசு இல்லை. 'வைட்னிங்' என்று போட்ட பற்பசைகளும் இந்த மேல்கறையைத்தான் தேய்ச்சு எடுக்குது, பல்லின் சொந்த நிறத்தை மாத்தாது.

வீட்டு வைத்தியம் எல்லாம் நல்லதுன்னு நினைக்காதீங்க. எலுமிச்சைப் புளி எனாமலைக் கரைக்கும். உமிக்கரியும் உப்பும் போட்டு அழுத்தித் தேய்ச்சா எனாமல் தேயும். போன எனாமல் திரும்ப வளராது. உள்ளே இருக்கிற மஞ்சள்தான் இன்னும் வெளியே தெரியும். இப்போ கறுப்பு டியூபில் வருகிற சார்கோல் பற்பசையும் அந்தக் கரிதான். அது பாதுகாப்பானது, பல்லை வெளுக்கும் என்று சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் இதழில் 2017இல் வந்த ஆய்வுத் தொகுப்பு சொல்லிச்சு.

உண்மையிலேயே வெளுப்பது பெரொக்சைட். பல் வைத்தியர் உங்க பல்லுக்கு அளவெடுத்து ஒரு உறை செய்து, 10% கார்பமைட் பெரொக்சைட் ஜெல் கொடுப்பார். இரவில் போட்டுக்கொண்டு சில வாரம் படுக்கணும். கொஞ்ச நாளைக்குப் பல் கூசும். அடைச்ச பல்லும் கட்டின பல்லும் நிறம் மாறாது. சொத்தையோ ஈறு நோயோ இருந்தால் அதைத்தான் முதலில் பார்க்கணும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 முதல் 0.1%க்கு மேல் 6% வரை ஹைட்ரஜன் பெரொக்சைட் உள்ள பொருட்களைப் பல் வைத்தியர் வழியாக மட்டும்தான் கொடுக்கலாம், 18 வயதுக்குக் கீழே கூடவே கூடாது. அப்படி இருக்க, என்ன கலந்திருக்குன்னே எழுதாத ஒரு ஜெல்லை ஒன்லைனில் வாங்கி வாயில் வைக்கலாமா? சலூன்ல செய்தாலும் கேள்வி அதேதான். செய்கிறவர் இலங்கை மருத்துவச் சபையில் பதிவான பல் வைத்தியரா என்று கேளுங்க. கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

இவ்வளவும் பல்லைப் பற்றி. எங்களை உறுத்துவது வேற. பல்லில் வெள்ளை தேடுகிற நாங்க, கன்னத்தின் உட்பக்கம் ஒரு வெள்ளைத் திட்டு வந்தால் திரும்பிப் பார்க்கிறோமா?

நம்ம லயங்களில் வெற்றிலை பழக்கம் மட்டும் இல்லை. மலையில் குளிருக்கும் பசிக்கும் அதுதான் துணை. ஆனால் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும், புகையிலை சேராவிட்டாலும் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2003இல் அறிவிச்சிட்டு. இலங்கை ஆண்களிடம் ஆகக் கூடுதலாகக் காணப்படுவது வாய்ப் புற்றுநோய். மெல்லும் புகையிலைக் கலவைகளை அரசாங்கம் 2016இல் தடை செய்தது. ஆனாலும் மாவாவும் பாபுலும் யாருடைய சட்டைப் பையில் இருக்குன்னு நமக்குத் தெரியும். பல்லுல கறை பிடிக்கிறதே என்று கவலைப்படுகிற நம்ம பொடியன்களுடைய பையிலும் இருக்கு.

கண்ணாடி முன்னால நின்று ஃபோன் டோர்ச்சை அடிச்சுப் பாருங்க. வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், காரம் பட்டால் எரிச்சல், மூணு விரலை நிமிர்த்தி வாய்க்குள்ள வைக்க முடியாமல் வாய் இறுகிப்போவது... இதில் ஒன்று இருந்தாலும் பல் பிரிவுக்குப் போங்க. ஆரம்பத்தில் கண்டுபிடிச்சால் காப்பாத்தலாம்.

கொழுந்து எடுக்கிற ஒருவருக்கு கிளினிக் போவதென்றால் ஒரு நாள் பேர் போகும். வலிக்காத ஒன்றுக்காக அதை விட மனசு வராது. அதனால்தான் சொல்றோம்: பல்லைச் சுத்தம் பண்ணப் பதுளைக்கு பஸ் ஏறுகிற அன்னைக்கு, "சும்மா துணைக்கு வாங்க" என்று சொல்லி அப்பாயியையும் கூட்டிக்கிட்டுப் போங்க. உங்க பல்லைப் பார்க்கிற அதே டொக்டர் அவங்க வாயையும் ஒருக்கா பார்க்கட்டும்.