பக்கவாத சிகிச்சையும் காலதாமதமும்

மூளைக்குச் செல்லும் பெரிய இரத்தக் குழாய் ஒன்று அடைபடின், ஒரு நிமிஷத்தில் ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன எனக் கணக்கிடப்பட்டுள்ளது. உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் மருந்தை நோய் கண்ட நாலரை மணி நேரத்துக்குள் செலுத்தினால், பலருடைய கை கால்களையும் பேச்சையும் காக்கலாம். ஆனால், மூளையில் இரத்தம் கசிந்திருப்பின் அம்மருந்தே உயிருக்கு ஆபத்தாகும். ஆதலின் சி.டி. படம் பார்த்த பின்னரே அதனைச் செலுத்துதல் வேண்டும்.

சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே சுமார் 70 கிலோமீட்டர் தூரம். வேலூரோ அதில் பாதியே. திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேஸ்வர மருத்துவ விஞ்ஞானக் கழகமும் ரூயா அரசு மருத்துவமனையும், வேலூரில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் உள்ளன. 108 வண்டிகளும் ஓடுகின்றன. சாலைப் பயணம் மட்டும் நாலரை மணி நேரத்தை விழுங்குவதில்லை. "விடிந்தபின் பார்ப்போம்" என்று வீட்டில் காத்திருப்பதிலும், படக்கருவி இல்லாத இடத்துக்கு முதலில் செல்வதிலும் பாதி நேரம் கழிகின்றது. எஞ்சிய நேரம் மருத்துவமனை வாயிலுக்கு உள்ளேயே கழியக்கூடும். பதிவு, படம், நிபுணரின் கருத்து, மருந்துக்கான பணம் ஆகியவை ஒன்று முடிந்த பின் மற்றொன்று எனத் தொடரின், உரிய நேரத்தில் வந்தவரும் நேரம் கடந்தவராகிவிடுவார்.

இக்குறை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஆஸ்திரேலியாவில் பக்கவாதப் பிரிவுகளின் செவிலியர் காய்ச்சல், இரத்தச் சர்க்கரை, விழுங்கும் திறன் ஆகிய மூன்றையும் ஒழுங்காகக் கவனித்ததன் பயனாக, 90 நாட்களில் இறந்தோரும் பிறர் உதவியில் வாழ்வோரும் நூற்றுக்கு 58-இலிருந்து 42-ஆகக் குறைந்தனர் என்பது 2011-இல் வெளியான ஆய்வின் முடிவு. பின்னர் இத்தகைய முறையை 26 மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் புகுத்த முயன்றபொழுது, பயன் ஒன்றும் விளையவில்லை என்று 2019-இல் அறியப்பட்டது. நல்ல முறையை அறிந்திருத்தல் வேறு. நெருக்கடி மிகுந்த பிரிவில் அதனை நாள்தோறும் கையாளுதல் வேறு. போதனையும் சுற்றறிக்கையும் மட்டும் போதா என்பதே இதன் படிப்பினை.

செய்யத்தக்கது யாது? ஒவ்வொரு முறையும் நோயாளியை வாயிலிலிருந்து நேரே படக்கருவிக்கு அனுப்பும் அதிகாரம் பணியிலுள்ள செவிலிக்கு அளிக்கப்படல் வேண்டும். மருந்து அப்பிரிவிலேயே இருத்தல் வேண்டும். பணம் பின்னர்க் கேட்கப்படலாம். வந்த நேரமும் ஊசி போட்ட நேரமும் ஒரே ஏட்டில் எழுதப்பட்டு, மாதந்தோறும் பரிசீலிக்கப்படல் வேண்டும். நிபுணர் இல்லாமையும் வெல்ல முடியாத தடையன்று. இமாசலப் பிரதேசத்தில் 2014 முதல், தொலைவிலுள்ள நரம்பியல் நிபுணரின் ஆலோசனையைத் தொலைபேசி வழியே பெற்று, மாவட்ட மருத்துவமனைகளின் பொது வைத்தியர்களே இம்மருந்தைச் செலுத்தியுள்ளனர். மலை நாட்டில் இயன்றது சித்தூர்ச் சமவெளியில் இயலாதிருக்கக் காரணம் இல்லை.

கிராம ஊழியர்க்கும் ஆசிரியர்க்கும் இதில் பங்குண்டு. முகம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றுள் ஒன்று திடீரெனத் தோன்றினும் 108-ஐ அழைக்குமாறு மக்களுக்குச் சொல்லுதல் வேண்டும். நோயாளி நலமாக இருந்த கடைசி நேரத்தைக் குறித்தனுப்புக; வாயில் நீரோ கஷாயமோ ஊற்றற்க. அந்த ஒரு சிறு குறிப்பு இல்லையேல், மருந்து கையில் இருந்தும் மருத்துவர் தயங்க நேரிடும்.