அப்பன் செத்தும் விடாத பிள்ளை

மக்களே, ஓஎஸ் லேப் வைவால எப்பவும் கேக்கற கேள்வி எது? "ஃபோர்க் என்ன ரிட்டர்ன் பண்ணும்?" நாமளும் "பிள்ளைக்கு 0, அப்பாவுக்குப் பிள்ளையோட பிஐடி"ன்னு ஒப்பிச்சிட்டு வெளியே வந்துடுவோம். ரெக்கார்டுல கையெழுத்து. ஆச்சு. இதுக்குப் பேர் படிப்பாம்!

போன ஆடியில ஒரு ராத்திரி, திருவேற்காட்டுல எங்க வீட்ல உக்காந்து சி-ல ஒரு குட்டி சர்வர் எழுதிட்டிருந்தேன். (கோயில் ஸ்பீக்கர் புண்ணியத்துல எப்படியும் தூக்கம் வராது.) 8080 போர்ட்ல அது காத்திருக்கும். நடுவுல ஃபோர்க் பண்ணி, எக்ஸெக் மூலமா ஒரு ஷெல் ஸ்க்ரிப்டை ஓடவிடும். பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் லாகைச் சுருக்கறது ஸ்க்ரிப்டோட வேலை.

இன்னொரு டெர்மினல்ல இருந்து சர்வரை கில் பண்ணிட்டு மறுபடி ஓட்டினா, 'அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்'. செத்தவன் எப்படிய்யா போர்ட்டைப் பிடிச்சிருப்பான்? நெட்ல தேடினா எல்லாரும் 'ரீயூஸ் அட்ரஸ்' ஆப்ஷன் போடுன்னாங்க. போட்டேன். ம்ஹூம். மூணு மணி நேரம் காலி. கடைசியா எல்எஸ்ஓஎஃப் போட்டுப் பார்த்தா, 8080-ஐப் பிடிச்சிருந்தது அந்த ஷெல்லும், அது கூப்பிட்ட 'ஸ்லீப்' கமாண்டும். தூங்கறதைத் தவிர வேற வேலையே தெரியாத புரோகிராம், என் போர்ட்டைக் கட்டிப்பிடிச்சுத் தூங்குது!

விஷயம் இதுதான். அப்பா திறந்து வச்ச ஃபைல், பைப், சாக்கெட் எல்லாம் ஃபோர்க்ல பிள்ளைக்குப் போகும். எக்ஸெக்ல புரோகிராமே மாறினாலும் மூடாது. பேரன் வரைக்கும் போகும். கடைசி ஆள் மூடற வரைக்கும் கெர்னல் விடாது. பைப்ல படிக்கிறவன் ஈஓஎஃப் வராம தொங்கறதும் பெரும்பாலும் இதனாலதான். எழுதற முனையை எவனோ ஒரு பிள்ளை மூடாம வச்சிருப்பான்.

"அதாண்டா யூனிக்ஸோட அழகு. இது இல்லேன்னா ஷெல்லுல ரீடைரக்‌ஷனே கிடையாது"ன்னார் ஒரு சீனியர். சரிண்ணா, ஒத்துக்கறேன். ஆனா அதுக்கு வேண்டியது பெரும்பாலும் 0, 1, 2 மூணு தானே? வாசல் சாவி கேட்டவனுக்கு பீரோ சாவியும் சேர்த்துக் கொடுக்கறதா அழகு?

திறக்கும்போதே 'க்ளோஸ்-ஆன்-எக்ஸெக்' சொல்ற வசதி லினக்ஸ்ல ஃபைலுக்கு 2007-ல (2.6.23) வந்துச்சு, சாக்கெட்டுக்கு 2008-ல. அதுவரை திறந்துட்டு அப்புறமா கொடியை வைக்கணும். அந்த இடைவெளியில வேற த்ரெட் ஃபோர்க் பண்ணிட்டா போச்சு. பைத்தான் 3.4, 2014-ல வழக்கத்தையே தலைகீழாக்கிடுச்சு: கேட்டாத்தான் பிள்ளைக்குக் கிடைக்கும். சி-ல இன்னமும் நாமளேதான் ஞாபகம் வச்சுக்கணும்.

அண்ணா பல்கலையோட 2017 பாடத்திட்டத்துல ஓஎஸ் லேப் பட்டியலைப் பாருங்க. ஃபோர்க், எக்ஸெக், வெயிட்டோட 'க்ளோஸ்' கூட அதே வரியிலதான் இருக்கு. கைமாறி கைமாறி வர்ற ரெக்கார்டு நோட்டுலதான் அது ஃபைல் புரோகிராமோட கடைசி வரியில அநாதையா நிக்குது. ஃபோர்க்குக்கும் அதுக்கும் என்ன சொந்தம்னு ஒரு வார்த்தை கிடையாது.

என் ரெக்கார்டுல அந்த ஸ்லீப் கதையை அரைப் பக்கம் எழுதிச் சேர்த்திருக்கேன். கையெழுத்து விழுதான்னு திங்கக்கிழமை தெரியும்.