தாய்மாமன் மடி காதுகுத்துக்கு மட்டும்தானா?

சென்ற பருவத் தேர்வு வாரத்தில் ஓர் இரவு. மணி 10.40. மறுநாள் காலை எனக்குப் புள்ளியியல் தேர்வு. அடுத்த அறையில் என் அக்கா மகள் அரை மணி நேரமாக அழுதுகொண்டிருந்தாள். அவளுக்கு இரண்டு வயது. நான் கதவைத் திறந்து, “அக்கா, கொஞ்சம் அழாமப் பார்த்துக்க முடியாதா? நாளைக்கு எனக்குப் பரீட்சை!” என்று கத்தினேன். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மின்தூக்கியை நோக்கி நடந்தார். சன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். வீட்டு உடையிலேயே புளோக்கின் கீழே அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தார்.

தேர்வு முடிந்து வந்ததும் மன்னிப்புக் கேட்டேன். “அவ அழுறதைக்கூடத் தாங்கிக்குவேன் தம்பி. அவ அழும்போது எல்லாரும் என்னைப் பார்க்கிற பார்வையைத்தான் தாங்க முடியல” என்றார்.

அந்தப் பதில்தான் என்னை இதை எழுத வைத்தது.

எங்கள் நான்கறை வீட்டில் ஆறு பேர் இருக்கிறோம். அக்காவும் அத்தானும் பிடிஓ வீட்டின் சாவிக்காகக் காத்திருக்கிறார்கள். குழந்தையின் அழுகை ஆறு பேருக்கும் கேட்கிறது. அதை நிறுத்த வேண்டிய பொறுப்பு மட்டும் ஒருவருக்கு என்று நாங்கள் யாரும் சொல்லாமலேயே முடிவு செய்திருந்தோம். “பிடிவாதம்”, “செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டே” என்று வரும் உறவினர்களும் ஆளுக்கொன்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

விடுமுறை தொடங்கியதும் ஒரு வாரம் குழந்தையின் நாளை நேரம் போட்டுக் குறித்துவைத்தேன். பராமரிப்பு நிலையத்தில் மதியம் ஒன்றரை மணி நேரம் தூங்குகிறாள். மாலை ஆறரை மணிக்கு, வீடு திரும்பும் பேருந்தில் பாட்டியின் தோளில் அரை மணி நேரம். எட்டரை மணிக்குத் தொலைக்காட்சித் தொடருக்கு நடுவே இரவு உணவு. ஒன்பது மணிக்கு, அவள் என் அறைக்கு வராமலிருக்க நான் கொடுக்கும் கைப்பேசி. ஒன்பதரை மணிக்கு வேலை முடிந்து வரும் அத்தான் அவளைத் தூக்கிப்போட்டுப் பிடித்து விளையாடுகிறார். பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு, “தூங்கு” என்கிறோம். பதினொரு மணிவரை அழுகை. காலை ஆறரைக்கு எழுப்பிவிடுகிறோம்.

கூட்டிப் பார்த்தால் ஒன்பதரை மணி நேரம். ஒரு வயது, இரண்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு 11 முதல் 14 மணி நேர உறக்கம் தேவை என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டி. இரண்டு வயதில் திரை நேரம் ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்றும் அது சொல்கிறது. அந்த ஒரு மணி நேரத்தை, தூங்கப்போவதற்குச் சற்று முன்பாக, என் வசதிக்காக நானே கொடுத்துவந்திருக்கிறேன்.

பெரியவர்கள் களைத்தால் சோர்ந்துபோவோம். சின்னஞ்சிறு பிள்ளைகள் அளவுக்கு மீறிக் களைத்தால் துள்ளுவார்கள், அடம்பிடிப்பார்கள், பிறகு வெடித்து அழுவார்கள். அதற்கு நாம் வைத்த பெயர் பிடிவாதம். இன்னொன்றும் உண்டு. காலையிலிருந்து மாலைவரை அம்மாவைப் பிரிந்திருக்கும் குழந்தைக்கு, தூங்குவது இன்னொரு பிரிவு. நாள் முழுக்கக் காத்திருந்து கிடைத்த அம்மாவை அவள் எளிதில் விடுவாளா?

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமன்று. சிங்கப்பூர், மலேசியா உள்ளிட்ட 17 நாடுகளிலும் வட்டாரங்களிலும், மூன்று வயதுக்குட்பட்ட 29,000க்கும் அதிகமான குழந்தைகளைப் பற்றிய ஆய்வு ஒன்று 2010ல் வெளிவந்தது. நியூசிலாந்தில் குழந்தைகள் சராசரியாக இரவு ஏழரை மணியளவில் படுக்கைக்குப் போகிறார்கள். ஹாங்காங்கில் பத்தேகால் ஆகிறது. மொத்தத்தில் ஆசியக் குழந்தைகள் தாமதமாகத் தூங்குகிறார்கள், குறைவாகவும் தூங்குகிறார்கள். ஆக, குழந்தை எப்போது தூங்குகிறது என்பதைத் தாயின் கெட்டிக்காரத்தனம் மட்டும் முடிவு செய்வதில்லை. அந்த வீடு எப்போது அடங்குகிறது என்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது.

அழவிட்டுப் பழக்கலாமா, கூடாதா என்பது பெற்றோரிடையே ஓயாத விவாதம். அமெரிக்க மருத்துவர் ரிச்சர்ட் ஃபெர்பர் 1985ல் எழுதிய நூலின் மூலம், சிறிது சிறிதாகக் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டிக் குழந்தையைத் தானாகத் தூங்கப் பழக்கும் முறை பரவலானது. இத்தகைய முறைகளைக் குழந்தைப் பருவத்தில் பின்பற்றியவர்களை ஐந்தாண்டுகள் கழித்துப் பரிசோதித்த ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று 2012ல் வெளியானது. நீடித்த பாதிப்பும் இல்லை, நீடித்த நன்மையும் இல்லை என்பதே அதன் முடிவு. அப்படியானால், அழவிடும் தாயைக் கல்நெஞ்சக்காரி என்றும், தூக்கிவைத்துக்கொள்ளும் தாயைக் கெடுக்கிறவர் என்றும் பேச நமக்கு என்ன உரிமை? மூவர் ஒரே அறையில் படுக்கும் எங்கள் வீட்டில் முதல் முறைக்கு இடமே இல்லை.

எங்களுக்கு உதவியது வேறொன்று. அமெரிக்காவில் 405 தாய்மார்களையும் அவர்களின் குழந்தைகளையும் வைத்து நடந்த ஓர் ஆய்வு 2009ல் வெளியானது. குளியல், உடம்பில் களிம்பு தடவிவிடுதல், பிறகு அமைதியான கதையோ பாட்டோ. ஒவ்வோர் இரவும் இதே வரிசை. இரண்டே வாரங்களில் பிள்ளைகள் சீக்கிரம் தூங்கினார்கள், நடுவில் விழிப்பதும் குறைந்தது. தாய்மார்களின் மனநிலையும் மேம்பட்டது.

நாங்களும் தொடங்கினோம். பேருந்தில் தூங்கவிடாமல் பாட்டி கதை பேசிக்கொண்டே வருகிறார். ஏழரை மணிக்குத் தொலைக்காட்சியும் கைப்பேசியும் இல்லாத உணவு. எட்டு மணிக்கு வெந்நீர்க் குளியல். எட்டேகாலுக்கு மங்கிய விளக்கில் இரண்டு படப் புத்தகங்கள். அது என் வேலை. பிறகு அக்காவின் தாலாட்டு. அப்பா தொடரின் ஒலியைக் குறைத்துக்கொண்டார். அத்தானுக்குத்தான் மனவருத்தம். அவர் வரும்போது மகள் தூங்கியிருப்பாள். அதனால் காலையில் அவளை எழுப்பி, பல் துலக்கிவிட்டு, பராமரிப்பு நிலையத்திற்குக் கொண்டுவிடுவது அவர் பொறுப்பாயிற்று.

முதல் வாரம் ஒன்றும் மாறவில்லை. நான்காவது இரவு அவள் புத்தகத்தைத் தூக்கி எறிந்தாள். மூன்றாவது வாரத்தில் அழுகை பத்து நிமிடமாகக் குறைந்தது. இப்போதும் சளி பிடித்தால் பழைய கதைதான். ஆனால் அக்கா யார் முகத்தையும் பார்த்துக் கூசுவதில்லை. குறட்டை, மூச்சுத் திணறல், காதைப் பிடித்துக்கொண்டு அழுவது போன்றவை இருந்தால் இந்தப் பழக்கங்களை நம்பிக் காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

“எங்க காலத்துல இவ்வளவு பாடில்லையே” என்பார் பாட்டி. உண்மைதான். அந்தக் காலத்தில் சேலைத் தொட்டிலை ஆட்ட நான்கு கைகள் இருந்தன. நம் நாட்டுப்புறத் தாலாட்டுகளைக் கேட்டுப் பாருங்கள். குழந்தை ஏன் அழுகிறது என்று கேட்டு அத்தையையும் மாமனையும் பாட்டியையும் ஒவ்வொருவராக விசாரிப்பார்கள். தாய்மாமன் கொண்டுவரும் சீரைப் பட்டியல் போடுவார்கள். பாடுவது தாய் என்றாலும், தொட்டிலைச் சுற்றி உறவு முழுவதும் நின்றது.

சென்ற ஆண்டு கோயிலில் காதுகுத்தின்போது அவளை மடியில் வைத்துக்கொண்டு புகைப்படத்துக்குப் பெருமையாகச் சிரித்தேன். அந்த மடி ஒரு நாளைக்கு மட்டும் என்று எண்ணியிருந்தேன் போலும்.

உங்கள் வீட்டிலும் தம்பி, தங்கை, அக்கா பிள்ளை என ஒரு குழந்தை இரவில் அழலாம். காதொலிக் கருவியை மாட்டிக்கொள்வதற்குமுன் எழுந்துபோய், “நான் என்ன செய்யட்டும்?” என்று கேளுங்கள். எனக்குக் கிடைத்த வேலை, இரவுக்கு இரண்டு புத்தகம், பதினைந்து நிமிடம். அதற்குப் பிறகு நான் படிக்கும் இரண்டு மணி நேரம் முன்பைவிட அமைதியாக இருக்கிறது.