யாழ்ப்பாணத்தின் ஆறு ஆசனங்கள்: கட்சி சாராத வாக்கு எங்கே போகிறது?

2024 செப்ரெம்பர் 21 ஆம் திகதி நடந்த ஜனாதிபதித் தேர்தலில், யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் அனுரகுமார திசாநாயக்கவுக்குக் கிடைத்தவை 27,086 வாக்குகள் மட்டுமே. எட்டு வாரங்கள்கூட ஆகவில்லை, நவம்பர் 14 ஆம் திகதி நடந்த பாராளுமன்றத் தேர்தலில் அவருடைய தேசிய மக்கள் சக்தி அதே மாவட்டத்தில் 80,830 வாக்குகளைப் பெற்று ஆறு ஆசனங்களில் மூன்றைக் கைப்பற்றியது.

தமிழர்கள் இனப்பிரச்சினையைக் கைவிட்டு அபிவிருத்தியைத் தேர்ந்துவிட்டார்கள் என்று தெற்கில் சொன்னார்கள். மக்கள் ஏமாந்துவிட்டார்கள் என்று தமிழ்க் கட்சிகள் சொல்லின. இரண்டு தரப்பும் வாக்குக் கணக்கைச் சரியாகப் பார்க்கவில்லை.

80,830 என்பது செல்லுபடியான வாக்குகளில் ஏறக்குறைய 25 வீதம். நான்கில் ஒரு பங்கு வாக்கு எப்படிப் பாதி ஆசனங்களாக மாறியது? நமது விகிதாசாரத் தேர்தல் முறையில், மாவட்டத்தில் முதலிடம் பெறும் கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம் தனியாகக் கிடைக்கும். 5 வீத வெட்டுப்புள்ளியைத் தாண்டாதவர்களின் வாக்குகள் கணக்கிலிருந்து நீக்கப்படும். மீதி ஆசனங்கள் விகிதப்படியும், எஞ்சிய வாக்குகளின் அளவுப்படியும் பகிரப்படும். அதன்படி தேசிய மக்கள் சக்திக்குப் போனஸ் ஒன்று, முழு வாக்குக்கு ஒன்று, எஞ்சிய வாக்குக்கு ஒன்று என மூன்று ஆசனங்கள் கிடைத்தன.

தமிழரசுக் கட்சிக்கு 63,327 வாக்குகள், ஓர் ஆசனம். அதனுடன் ஒரு காலத்தில் கூட்டமைப்பில் இருந்தவர்கள் ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணியாகத் தனித்து நின்று 22 ஆயிரத்துக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெற்றனர். ஆசனம் எதுவும் இல்லை. இந்த இரண்டையும் கூட்டினால் 85 ஆயிரத்தைத் தாண்டும். முதலிடமும் போனஸும் கைமாறியிருக்கும். ஆசனங்கள் மூன்று, இரண்டு, ஒன்று எனத் தலைகீழாகியிருக்கும். யாழ்ப்பாணத்தில் தேசிய மக்கள் சக்தியின் வெற்றிக்குப் பெரிய பங்களிப்புச் செய்தது தமிழ்க் கட்சிகளின் பிளவுதான்.

மட்டக்களப்பு இதற்கு எதிர்ச்சாட்சி. நாட்டின் 22 தேர்தல் மாவட்டங்களில் தேசிய மக்கள் சக்தி முதலிடம் பெறாத ஒரே மாவட்டம் அதுதான். அங்கு தமிழரசுக் கட்சி முதலாவதாக வந்து, ஐந்தில் மூன்று ஆசனங்களைப் பெற்றது. அந்த அலை அங்கும் வீசியது. ஆனால் தமிழ் வாக்கு அங்கே யாழ்ப்பாணத்தைப் போல் சிதறவில்லை.

ஆனாலும் பிளவை மட்டும் காரணம் சொல்லித் தப்பிவிட முடியாது. சுயேச்சைக் குழு 17 க்கு விழுந்த 27,855 வாக்குகளும், அதற்குக் கிடைத்த ஓர் ஆசனமும் வேறொன்றைச் சொல்கின்றன. அந்த வாக்குகள் தமிழ்க் கட்சிகளுக்கும் போகவில்லை, தெற்கின் கட்சிகளுக்கும் போகவில்லை. இருக்கிறவர்கள் யாரும் வேண்டாம் என்று நினைத்தவர்களின் வாக்கு அது.

2024 இல் முதன்முறை வாக்களித்த பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு முள்ளிவாய்க்கால் நடந்தபோது மூன்று வயது. அந்தப் பிள்ளைக்குப் போர் வீட்டில் உள்ள படமாகவும், தாயின் மௌனமாகவும் தெரியும். கட்சியை அப்படித் தெரியாது. பட்டம் முடித்தும் வேலையில்லை, காணி இன்னும் இராணுவத்திடம், அண்ணனோ மாமாவோ காணாமல் ஆக்கப்பட்டோர் பட்டியலில். இவற்றுக்கு ஒவ்வொரு தேர்தலிலும் ஒரே துண்டுப்பிரசுரம் பதிலாக வந்தால், அந்தப் பிள்ளை வேறு சின்னத்தைத் தேடுவது துரோகமல்ல.

நாடளாவிய அளவில் நமது வாக்கின் பலமும் எல்லையும் ஏற்கெனவே தெரிந்தவை. 2005 இல் மகிந்த ராஜபக்ச வென்றது 180,786 வாக்குகளால். விடுதலைப் புலிகளின் புறக்கணிப்பால் யாழ்ப்பாணத்தில் அன்று பதிவான வாக்கு 1.21 வீதம். 2015 இல் மைத்திரிபால சிறிசேனவின் வெற்றி இடைவெளி சுமார் நான்கரை இலட்சம். தமிழ், முஸ்லிம் வாக்குகள் இன்றி அது இல்லை. 2019 இல் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் 80 வீதத்துக்கு மேல் சஜித் பிரேமதாசவுக்கு வாக்களித்தோம். கோட்டாபய ராஜபக்ச 52.25 வீதத்துடன் வென்றார். தெற்கு சமமாகப் பிரிந்தால் நாம் தீர்மானிப்போம். தெற்கு ஒன்றாகத் திரண்டால் நமது வாக்கு எதிர்ப்பின் பதிவாக மட்டுமே நிற்கும்.

ஆகவே ஜனாதிபதித் தேர்தலில் நமது பலம் மற்றவர்களின் பிளவில் தங்கியிருக்கிறது. பாராளுமன்றத்திலும் மாகாண சபையிலும் அது நமது ஒற்றுமையில் தங்கியிருக்கிறது. பின்னையது மட்டுமே நம் கையில் உள்ளது.

2025 மே மாத உள்ளூராட்சித் தேர்தல் இதை மீண்டும் காட்டியது. தேசிய மக்கள் சக்தியின் நாடளாவிய வாக்கு 61.56 வீதத்திலிருந்து 43.26 ஆக இறங்கியது. யாழ். மாநகர சபையில் தமிழரசுக் கட்சி முதலிடம் பெற்றது, ஆனால் அறுதிப் பெரும்பான்மை இல்லை. எட்டு வாரத்தில் வந்த வாக்கு ஆறு மாதத்தில் போகவும் செய்யும். அதைத் தமக்குக் கிடைத்த மன்னிப்பாகத் தமிழ்க் கட்சிகள் எண்ணினால், அடுத்த முறை அதுவும் போய்விடும்.

வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது. 2013 இல் கூட்டமைப்பு அங்கே 38 இல் 30 ஆசனங்களைப் பெற்றிருந்தது. தேர்தல் மீண்டும் வரும்போது அதே வாக்காளர்கள் இருக்கமாட்டார்கள். மாகாண சபைக்கு என்ன அதிகாரம் கேட்போம், இருக்கும் அதிகாரத்தைக் கொண்டு காணிக்கும் வேலைக்கும் என்ன செய்வோம் என்று பொதுவான ஓர் ஆவணத்தைத் தேர்தலுக்கு முன்பே எழுதி, இளையோரை வேட்பாளர் பட்டியலின் அலங்காரமாக அல்லாமல் அதை எழுதும் இடத்தில் உட்கார வைக்கவேண்டும். வேட்புமனுத் தாக்கலுக்கு முதல்நாள் நடக்கும் கூட்டணிப் பேச்சு அதற்கு ஈடாகாது.