ஏலத்திற் போகும் மாடுகள்

காலபோக விதைப்பு முடிந்து வயல்கள் பச்சை பிடிக்கும் நாட்களில் எமது பிரதேச சபைகளின் அறிவித்தற் பலகைகளிலே வழக்கமானதோர் அறிவித்தல் தோன்றும். கட்டாக்காலியாகத் திரிந்து பிடிபட்ட மாடுகள், குறித்த தவணைக்குள் உரியவர்களால் மீட்கப்படாவிடின் பகிரங்க ஏலத்தில் விற்கப்படும் என்பதே அது. நெல் விதைத்தவன் அதனைப் படித்து ஆறுதலடைகின்றான். மாட்டுக்குரியவனோ பெரும்பாலும் அதனைப் படிப்பதேயில்லை. அவன் காட்டோரமெங்கும் மாட்டைத் தேடி அலைந்துகொண்டிருக்கின்றான்.

பயிரைக் காத்தல் வேண்டாம் என்று நாம் கூறவில்லை. நகையை ஈடுவைத்து விதைத்த வயலில் ஓரிரவில் ஒரு பட்டி இறங்கினால், அக்குடும்பத்தின் ஓராண்டுச் சோறு விடியுமுன் போய்விடும். 1876ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கால்நடை அத்துமீறற் கட்டளைச் சட்டம், வயலுட் புகுந்த மாட்டைப் பிடிக்கவும் நட்டம் கோரவும் வழி வகுத்தமை நியாயமே. மாட்டைப் பிடிப்பதில் எமக்கு வழக்கில்லை. அதனை விற்கும் முறையிலேதான் வழக்கு.

ஏலம் என்பது சட்டத்தின் கண்ணில் ஒரு விற்பனை உடன்படிக்கை. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்படி, ஏலங்கூறுபவரின் சுத்தியல் வீழ்ந்ததும் விற்பனை முடிவுறுகின்றது; அதுவரை கேட்டவர் தம் கேள்வியை மீளப் பெறலாம். முன்னறிவித்தலின்றி விற்பவரே ஆள்வைத்து விலையை ஏற்றினால் அது மோசடி. வாங்குவோனைக் காக்கும் ஏற்பாடு இது. மாட்டைப் பறிகொடுப்பவனைக் காப்பது எது? வியாபாரிகள் நால்வர் முன்கூட்டியே பேசிவைத்து, ஒருவர் மாத்திரம் அடிமாட்டு விலைக்குக் கேட்க, ஏனையோர் வாய்மூடி நிற்பர். பின்னர் புளியமரத்தடியில் அவர்களுக்குள்ளே இரண்டாவது ஏலம் நடக்கும், மிச்சப்பணம் பங்கிடப்படும். ஏலம் நடக்கும் நாடுகள் எல்லாவற்றிலும் அறிந்த பழைய தந்திரம் இது. வியாபாரிகளின் இத்தகைய கூட்டை இங்கிலாந்து 1927ஆம் ஆண்டிலேயே தனிச்சட்டம் இயற்றிக் குற்றமாக்கியது.

சந்தையில் மாடு வாங்குபவன் பல்லைப் பார்ப்பான், மடியைத் தடவுவான், நடத்திப் பார்ப்பான், சுழி பார்ப்பவன் சுழியும் பார்ப்பான். தமிழகத்துச் சந்தைகளில் துண்டின் மறைவில் விரல்பிடித்து விலைபேசும் வழக்கமுண்டு. அது மறைவான பேரமேயாயினும், அங்கே விற்பவன் தன் மாட்டின் அருகிலேயே நிற்கின்றான். விலை ஒவ்வாவிடின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்புவான். சபையின் தொழுவத்து ஏலத்திலோ உடையவன் இல்லை. நாட்கணக்கில் வைக்கோலும் தண்ணீரும் போதாமல் விலா எலும்பு தெரிய நிற்கும் மாட்டுக்கு யார் நல்ல விலை சொல்வார்? கன்று வெளியே தவிக்க, கறக்கப்படாத பசுவின் மடி கல்லாகி நோய் கண்டுவிடும். உயிருள்ள சொத்தைக் கதிரை மேசையைப் போல் அடைத்துவைத்து விற்பது, சொத்தைப் பாதியாக்கி விற்பதாகும்.

மாட்டிற் சுட்ட குறியே ஏழைப் பண்ணையாளனின் உறுதி. மட்டக்களப்பிலே குடிக்குடியாகக் குறிகள் உண்டு. மூத்த பட்டிக்காரர் குறியைக் கண்டதுமே ஊரையும் வீட்டையும் சொல்லிவிடுவர். குறியைப் படிக்கத் தெரிந்தவர்களுக்குச் செய்தி அனுப்பாமல் உரிமையாளர் தெரியவில்லை என்று ஏட்டில் எழுதுவதை நாம் ஏற்கமாட்டோம். கைத்தொலைபேசியில் படமெடுத்து, அயற்கிராம அலுவலர்களுக்கும் கால்நடை வளர்ப்போர் சங்கங்களுக்கும் அன்றே அனுப்ப என்ன செலவு? ஏலத்துக்கு முன் கால்நடை வைத்திய அதிகாரி ஆகக்குறைந்த விலையை நிர்ணயிக்கட்டும். சபை உறுப்பினரும் உத்தியோகத்தரும் அவர்தம் உறவினரும் ஏலங் கேட்காதிருக்கட்டும். தண்டமும் பராமரிப்புச் செலவும் போக எஞ்சும் பணம் உரியவனுக்கே சேரட்டும். வயலிழந்தவனின் நட்டத்துக்கும் அதில் முதலிடம் இருக்கட்டும்.

இவையெல்லாம் செய்தாலும் மாடு மீண்டும் வயலுக்கே வரும். அதற்கு வேறு போக்கிடமில்லை. போரின்போது வன்னி மக்கள் பட்டிகளைக் கைவிட்டு ஓடினர். 2009இன் பின் மீண்டவர்களிற் பலர் வெறும் பட்டியையே கண்டனர். மட்டக்களப்பில் பெரும்போகக் காலத்தில் மாடுகளைக் கொண்டுசென்று விடும் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சற்றரையில் வெளிமாவட்டத்தவர் பயிர்செய்யப் புகுந்ததை எதிர்த்து, 2023 செப்டெம்பரில் பண்ணையாளர் சித்தாண்டியில் தொடர் அறப்போராட்டம் தொடங்கினர். மேய்ச்சல் நிலத்தை இழந்த மாடு எவன் வயலில் இறங்கும்? எம்மவன் வயலிலேதான். பின்பு எம்மவனே எம்மவன் மாட்டைப் பிடித்துக் கொடுப்பான். எமது சபையே அதனை ஏலங்கூறும். நிலத்தை எடுத்தவன் இந்த வழக்கில் எந்தப் பக்கத்திலும் இல்லை!

அடுத்த விதைப்புக்கு முன்னர் ஒவ்வொரு பிரதேச சபையும் தன் எல்லைக்குட்பட்ட மேய்ச்சற்றரைகள் எவை, அவற்றின் பரப்பு என்ன, இன்று அவை எவர் கையில் உள்ளன என்பதைப் பட்டியலிட்டு வெளியிட வேண்டும் எனக் கேட்கின்றோம். ஏல அறிவித்தல் ஒட்டும் அதே பலகையில் அதற்கும் இடமுண்டு.